இல்லத்திற் பீட்சா மாப் பிசைதல்

மக்கள் உண்ணும் உணவு நாட்டுக்கு நாடு வேறுபடுதல் இயல்பே. அவ்வுணவுகளுள் ஒன்று தான் பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டுக்குச் செல்லுங்கால், அதன் பெயரும் வடிவும் விரைவிற் சென்று சேர்ந்துவிடுகின்றன. அதனை ஆக்கும் அறிவோ பெரும்பாலும் பின்தங்கி நிற்கின்றது. இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரத்தாரின் உணவாகிய பீட்சாவும் இதற்கு விலக்கன்று. அந்நகரத்துப் பீட்சாக்காரரின் கைத்திறனை மனித இனத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டிற் சேர்த்தது. அங்ஙனம் சிறப்பிக்கப்பெற்றது மேலே தூவும் பாலாடைக்கட்டியுமன்று, தக்காளிக் குழம்புமன்று. மாவைப் பிசைந்து, புளிக்கவைத்து, கையால் விரித்து, அடுப்பிலிட்டு எடுக்கும் தொழிலேயாம். அத்தொழிலின் முதற்பகுதியாகிய மாப் பிசைதலை நம் ஊர்க்கும் நம் வெப்பத்திற்கும் பொருந்துமாறு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் ஊர் என்றது எம்.கே.பி. நகர் என வழங்கப்பெறும் மகாகவி பாரதி நகரை. வியாசர்பாடியை அடுத்து, துறைமுகத்திற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இந்நகரிலும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலும் வாழ்வோருட் பலர் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைப்பவர். கடையில் விற்கும் பீட்சா ஒன்றின் விலை இவர்தம் குடும்பத்தின் ஒரு நாட் சமையற் செலவுக்கு ஒப்பாகவும் மிகையாகவும் இருத்தல் கூடும். பிள்ளைகளின் ஆசையோ விலையை அறியாது. ஆதலின், தாய்மார் இல்லத்திலேயே அதனை ஆக்க முயல்கின்றனர். முயன்றோருட் பலர், எழுதியவாறே அளந்தும், எழுதியவாறே காத்தும், ஈற்றிற் புளிநாற்றம் வீசும் கூழ்போன்ற மாவொன்றைக் கண்டு மனஞ்சலிக்கின்றனர். அரைக்கிலோ மாவும் ஒரு வேளை உணவும் வீணாயின என்பதனினும், 'இது நம் கைக்கு வாராத தொழில்' என அவர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வதே பெரிய இழப்பாகும். அவர் கருத்து உண்மைக்கு மாறானது என்பதே இக்கட்டுரையாற் காட்டப்படுவது.

அயல்நாட்டு மாவுணவு நம் பகுதிக்குப் புதிதன்று. வியாசர்பாடியிலுள்ள பி.வி. காலனி, பர்மா, வியட்நாம் நாடுகளினின்று திரும்பிய தமிழர் குடியேறிய இடம். பர்மாவில் 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டு, வாணிகங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர் வெறுங்கையராய்த் திரும்பிய அம்மக்கள் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் ஒன்று 'அத்தோ' என்னும் கோதுமை இழையுணவு. இன்று அது கடற்கரை இரயில் நிலையத்தின் எதிர்த்தெருக்களிலும் வடசென்னையின் தள்ளுவண்டிகளிலும் நம்மவர் உணவாகவே வழங்குகின்றது. அன்றியும், ஒவ்வொரு தெருமுனையிலும் பரோட்டா அடிக்கும் தொழிலாளி, பிசைந்த மாவை உருண்டைகளாக்கி எண்ணெயில் ஊறவிட்டு, அஃது இளகிய பின்னரே வீசி விரிக்கின்றார். ஊறாத மாவை விரிக்கப் புகின் அது சுருங்கும், அன்றேல் கிழியும் என்பதை அவர் கை அறியும். நேப்பிள்ஸ் நகரத்தார் கை அறிந்ததும் அதுவே.

இனி, மாவின் இயல்பை நோக்குவோம். கோதுமையிற் கிளையடின், குளூட்டெனின் என இருவகைப் புரதங்கள் உள. நீர் சேர்ந்து பிசையுங்கால் இவையிரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் இழுபசையாகின்றன. இத்தாலியரான பெக்காரி என்பார் கோதுமை மாவை நீரிற் கழுவிக் குளூட்டனைத் தனியே பிரித்து, 1745ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மாணவ நண்பர்கள் இச்சோதனையைத் தம் இல்லத்திலேயே செய்து காணலாம். ஓர் எலுமிச்சை அளவு பிசைந்த மைதா உருண்டையை அரைமணி நேரம் நீரில் ஊறவிட்டு, பின்னர் நீருள்ளேயே மெல்லக் கசக்குக. வெண்ணிற மாச்சத்துக் கரைந்து நீங்க, கையில் எஞ்சுவது இழுத்தால் நீண்டு, விட்டாற் சுருங்கும் ஒரு பசைத்துண்டு. இதுவே மாவினுள் எழும் வாயுவைத் தப்பவிடாது பிடித்து நிறுத்தும் வலை. அரிசியிலும் கேழ்வரகிலும் இப்பசை இல்லை. ஆகவே அவற்றின் மாவு கொண்டு பீட்சாவை இவ்வகையில் விரித்தல் இயலாது.

கடையில் விற்கும் மைதா இத்தொழிலுக்குப் போதுமானதே. தவிட்டோடு அரைத்த கோதுமை மாவிற் புரதம் குறைவன்று. எனினும் அதன் தவிட்டுத் துணுக்குகள் அவ்வலையை அறுக்குந் தன்மையன. நாற்பங்கில் ஒரு பங்கு கோதுமை மாவும் மூன்று பங்கு மைதாவும் கலப்பின் சுவையும் சத்தும் கூடும். ஆனால் கோதுமை மாவு நீரை மிகுதியாகக் குடிக்குமாதலின், நீர் சிறிது கூட்டவேண்டும்.

நிற்க, மாவை எழுப்புவது யாது? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். நொதித்தல் உயிர்ப்பொருளின் செயலே என்பதை 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். மாவிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு, கரியமில வாயுவையும் சிறிதளவு சாராயத்தையும் வெளியிடுகின்றது. வாயு பசைவலையிற் சிக்க, மாவு பொங்குகின்றது. பொட்டலத்தில் அடைத்த ஈஸ்ட் வருமுன்னர் நம் நாட்டவர் இவ்வுயிரை அறியாதவரல்லர். கோவாவில் ரொட்டி சுடுவோரும், இலங்கையில் ஆப்பம் ஊற்றுவோரும் கள்ளையே மாவிற் கலந்து பொங்கவைத்தனர். கள்ளில் இயற்கையாக வாழும் ஈஸ்டே அங்குத் தொழில் புரிந்தது. தமிழ்நாட்டிற் கள் விற்பனை தடுக்கப்பட்டிருத்தலின் அவ்வழி நமக்கு இன்று இல்லை.

ஆயினும், நம் தாய்மார் நாள்தோறும் ஆளும் நொதித்தற் கலை ஒன்றுண்டு. அஃது இட்லி மாவு. அரிசியும் உளுந்தும் அரைத்துக் கரைத்து வைத்த மாவை இரவில் எழுப்புவன, லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டீஸ் முதலான பாக்டீரியங்கள். அங்கு வாயுவைப் பிடித்து நிறுத்துவது உளுந்தின் கொழகொழப்பு; இங்குக் கோதுமையின் பசை. உயிர்கள் வேறாயினும் முறை ஒன்றே. மார்கழியில் இட்லி மாவு எழத் தாமதிக்கும் எனப் பாத்திரத்தை அடுப்பருகே வைப்பதும், சித்திரையில் அது விரைந்து புளிக்கும் என மாலை தாழ்த்தி அரைப்பதும், பொங்கியவுடன் குளிர்பதனப் பெட்டியுள் வைப்பதும் எந்நூலினின்று கற்றவை? பாட்டி கையினின்று தாய் கைக்கு வந்தவை. இட்லி மாவிற்குக் கடிகாரம் பாராத அதே தாய், பீட்சா மாவிற்கு மட்டும் 'இரண்டு மணி நேரம் வைக்க' என எழுதியிருத்தலைக் கண்டு தன் அறிவை மூடிவைத்துக் கடிகாரத்தை நோக்குகின்றாள். பிழை ஈண்டே தொடங்குகின்றது.

அக்குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பெற்றவை. அவற்றில் 'அறையின் வெப்பம்' என்பது சென்டிகிரேடு அளவையில் ஏறக்குறைய 20 அல்லது 22 பாகை. எம்.கே.பி. நகரில், காற்றோட்டம் குறைந்த சமையலறையில், வைகாசி மாதத்து நண்பகலில் 34 பாகைக்கு மேலும் இருக்கும். தாங்கும் எல்லைக்குள், வெப்பம் 10 பாகை உயருந்தோறும் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே அந்நாட்டில் இரண்டு மணியில் முடியும் தொழில் நம் வீட்டில் ஒரு மணியிலேயே முடிந்துவிடுகின்றது. எஞ்சிய ஒரு மணியில் மாவு கெடுகின்றது: சர்க்கரை தீர்கின்றது, புளிப்பு மிகுகின்றது, பசைவலை நைந்து அறுகின்றது. அம்மாவைச் சுட்டால் நிறமின்றி வெளுத்தும் தட்டையாகவும் இருக்கும். மேலும், 'வெதுவெதுப்பான நீர் விடுக' என்னும் விதியும் குளிர்நாட்டார்க்கே உரியது. நமக்கு வேண்டுவது குளிர்ந்த நீர்.

எவ்வளவு குளிர்ந்த நீர் என்பதற்கு ரொட்டித் தொழிலாளர் கையாளும் எளிய கணக்கு ஒன்றுண்டு. பிசைந்து முடித்த மாவு 26 பாகையில் இருத்தல் நன்று எனக் கொள்வோம். அதனை மூன்றாற் பெருக்கின் 78. இதனின்று மாவுப்பொடியின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் கழிக்கவேண்டும். கோடையில் இரண்டும் 34 ஆயின், 78இல் 68 போக எஞ்சுவது 10. ஆகவே நீர் 10 பாகையில் இருக்கவேண்டும். 30 பாகையிலுள்ள 245 கிராம் நீரில் 55 கிராம் பனிக்கட்டி கரைந்தால் ஏறத்தாழ அக்குளிர்ச்சி எய்தும். தை மாதத்தில் இரண்டும் 26 ஆயின், எஞ்சுவதும் 26. அப்பொழுது குடத்து நீரே போதும். வெப்பமானி இல்லாதார், கோடையிற் குளிர்பதனப் பெட்டியில் வைத்த நீரையும் மற்றைக் காலத்திற் குடத்து நீரையும் கொள்க என்பதே இதன் சாரம்.

இனி, அளவும் செய்முறையும் கூறுவோம். நால்வர்க்கு ஆளுக்கொன்றாக நான்கு பீட்சாவிற்கு: மைதா 500 கிராம், நீர் 300 கிராம், உப்பு 10 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, நேரே மாவிற் கலக்கத்தக்க உடனடி ஈஸ்ட், தலைதட்டிய கால் தேக்கரண்டி. குளிர்நாட்டுக் குறிப்புகள் இரண்டு தேக்கரண்டி ஈஸ்டும் கேட்கும். நம் வெப்பமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுமாதலின் நமக்குக் கால் தேக்கரண்டி அமையும். ஒலிவ எண்ணெய் கட்டாயமன்று. கடலை எண்ணெயே போதும்.

முதலில் மைதாவில் ஈஸ்டைக் கலந்து, குளிர்ந்த நீரிற் பெரும்பகுதியை விட்டு, உலர்ந்த பொடி எங்கும் இல்லாதவாறு புரட்டுக. நீர் முழுவதையும் ஒருங்கே விடலாகாது. கடற்காற்றின் ஈரத்தை மைதா உறிஞ்சியிருக்குமாதலின், மழைக்காலத்தில் இரண்டு மூன்று கரண்டி நீர் மிஞ்சுதலும் உண்டு. புரட்டிய மாவை 20 நிமிடம் மூடிவைக்க. இவ்விடைவேளையிற் பசைவலை தானே உருவாகத் தொடங்குமாதலின், கையின் உழைப்புப் பாதி குறையும். பின்னர் உப்பையும் எண்ணெயையும் சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளியும் மடித்தும் எட்டு முதற் பத்து நிமிடம் பிசைக. தொடக்கத்தில் மாவு கையில் ஒட்டும். அஞ்சி மேலும் மைதா தூவுதல் கூடாது; தூவின் மாவு இறுகி, பீட்சா கட்டையாகும். சிறிது மாவைக் கிள்ளி இரு கை விரல்களால் மெல்ல விரிக்குங்கால், கிழியாது திரைபோல் விரிந்து ஒளி ஊடுருவுமாயின் பிசைந்தது போதும்.

நீரைப்பற்றியும் ஒரு சொல். நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால், மீஞ்சூர் முதலாகக் கடலோரத்து வடபகுதியின் நிலத்துள் உவர்நீர் புகுந்த செய்தி பலரும் அறிந்தது. கடல்நீரை நன்னீராக்கி வடசென்னைக்கு வழங்கும் நிலையம் 2010ஆம் ஆண்டில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் இயங்கத் தொடங்கிற்று. எனினும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் இல்லங்கள் இன்றும் உள. லிட்டருக்கு 2 கிராம் உப்புக்கொண்ட நீராயினும், நாம் விடும் 300 கிராமில் அமைவது சுமார் 0.6 கிராமே, ஓர் உப்புச் சிட்டிகை குறைத்தால் அது சரியாகும். ஆனால் அதன் கசப்பு மாவிலும் நிற்குமாதலின், குடிக்க ஒவ்வாத நீர் பிசையவும் ஒவ்வாது என்பதே விதி. கடையில் வாங்கும் கேன் தண்ணீரில் தாதுக்கள் குறைவு. அது மாவைச் சற்றுத் தளர்த்தும். ஆதலின் ஒரு கரண்டி நீர் குறைக்க.

பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைக்க. அன்றே சுட வேண்டுவோர்க்கு, 32 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் செல்லும். ஆனால் நாழிகையினும் சான்றாகக் கொள்ளத்தக்கது மாவே. அது தன் அளவில் இருமடங்கு ஆயிற்றா என்று காண்க. நேரான சுவருடைய பாத்திரமாயின் வெளியே ஒரு கோடிட்டு வைத்தல் நலம். பின்னர், மாவிற் புரட்டிய விரலால் மெல்ல அழுத்துக. குழி உடனே மறையின் மாவு இன்னும் பதமாகவில்லை. மெல்ல எழுந்து பாதி நிரம்பின் பதமாயிற்று. எழாது கிடப்பின் பதம் கடந்தது.

இதனினும் சிறந்த முறை, மாவை ஒரு மணி வெளியே வைத்து, நான்கு உருண்டைகளாக்கி, மூடிய பெட்டியிற் குளிர்பதனப் பெட்டியுள் ஒரு நாள் வைப்பது. குளிரில் ஈஸ்ட் மெல்ல உழைக்கும், அதற்குள் மாவிலுள்ள நொதிப்பொருள்கள் மாச்சத்தைச் சர்க்கரையாக்கிச் சுவையும் நிறமும் தரும், பசையும் இளகும். வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு இம்முறை பெரிதும் உதவும்: முன்னாள் இரவு பிசைந்து வைத்தால், மறுநாள் மாலை வந்து, அரைமணி முதல் ஒரு மணி வெளியில் வைத்துச் சுடலாம். மின்சாரம் நின்றால், திறவாத குளிர்பதனப் பெட்டி நான்கு மணி அளவு குளிர்ச்சியைக் காக்கும். 2016ஆம் ஆண்டு திசம்பரில் வார்தாப் புயல் அடித்தபொழுது நேர்ந்ததுபோல் மின்சாரம் நாட்கணக்கில் வாராதாயின், அன்றே சுட்டு உண்பதே அறிவுடைமை.

ஈஸ்ட் உயிருடையது என்பதை மறத்தலாகாது. பொட்டலத்தைத் திறந்து அலமாரியில் வைத்தால் நம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சில வாரங்களில் அது வலியிழக்கும். காற்றுப் புகாத சிறு புட்டியிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க. ஐயம் உண்டாயின், சிறிது வெதுநீரிற் சர்க்கரையும் ஈஸ்டும் இட்டுப் பத்து நிமிடம் காண்க. நுரை எழாவிடின் அது மடிந்தது. கை பொறுக்காத சூட்டுநீர் ஈஸ்டைக் கொல்லும் என்பதும் நினைவிற்குரியது.

சுடுதல் தனியே விரிக்கத்தக்க பொருளாயினும், சுருங்கக் கூறுவோம். நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பு 430 பாகைக்கு மேலும் காய்ந்து, ஒரு பீட்சாவை ஒன்றரை நிமிடத்துக்குள் சுட்டுவிடும். அத்தகைய அடுப்பு நமக்கில்லை. கனத்த இரும்புத் தோசைக்கல் உண்டு. உருண்டையை விரல்நுனியால் நடுவினின்று புறத்தே அழுத்தி விரிக்க. குழவி கொண்டு தேய்ப்பின் சேர்ந்த வாயு முழுதும் வெளியேறும். விளிம்பை அழுத்தாது விடின் அது பொங்கி நிற்கும். காய்ந்த கல்லிலிட்டு மூடி, அடிப்பக்கம் சிவந்ததும் திருப்புக. சிவந்த பக்கத்தின்மேல் வேகவைத்து மசித்த தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் பரப்பி, மீண்டும் மூடிச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வைக்க. மின்னடுப்புப் பெட்டி உடையார் அதனை அதன் உச்ச வெப்பத்தில் அரைமணி காய்ச்சி, பிடியில்லாத இரும்புக் கல்லை உள்ளே வைத்து அதன்மேற் சுடலாம்.

பதம் கடந்த மாவும் வீணன்று. அதனைப் பாதிப்பங்கு புதிய மைதாவோடு பிசைந்து மெல்லிய ரொட்டிகளாக்கிச் சுடலாம். ஒரு பிடியை எடுத்து வைத்து அடுத்த முறை மாவிற் கலப்பின், பழைய இட்லி மாவு புதியதற்கு உறையாவதுபோல அதுவும் சுவை கூட்டும். மைதா தவிடு நீங்கியதாகலின் இதனை நாள்தோறும் உண்ணத்தக்க உணவாகக் கொள்ளலாகாது என்பதும், நீரிழிவுடையார் அளவறிந்து உண்ணவேண்டும் என்பதும் கூறாமலே விளங்கும்.

இதுகாறும் கூறியவாற்றால், ஈஸ்டைக் குறைத்தலும், நீரைக் குளிர்வித்தலும், மாவைக் கண்டு காலம் அறிதலும் ஆகிய மூன்றுமே நம் ஊரிற் பீட்சா மாவை நன்கு பிசைதற்குரிய வழிகள் என்பது பெறப்படும். பிறநாட்டார் எழுதிய முறையை நாம் இகழவேண்டுவதில்லை. அஃது எவ்விடத்து, எவ்வெப்பத்தில் எழுதப்பெற்றது என்று வினவிய பின்னரே கைக்கொள்ளவேண்டும். கல்லூரியில் வேதிநூலும் உயிர்நூலும் கற்கும் நண்பர்கள், விடுமுறைநாள் ஒன்றிற் சமையலறையுள் தம் தாய்க்கு அருகே நின்று, ஒரு பக்கம் இட்லி மாவையும் மறுபக்கம் இம்மாவையும் வைத்து ஒப்பிட்டுக் காண்பாராக. கணக்கும் வெப்பமானியும் அவர் கொணர்க. பதம் அறியும் கை அன்னையினுடையதாகுக.